சும்மா போட்டதா?



இல்லம் மந்திரிக்க நம் பகுதிக் கிராமங்களுக்குச் செல்லும் குருக்கள் யாவரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று உண்டு. சுவரிலே இயேசுவின் திரு இருதயப் படம். அதன் கீழே சிறு பலகை. பலகையின்மேல் வெண்ணூலில் பின்னிய விரிப்பு. தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் அதே போன்ற மற்றொன்று. தண்ணீர்ச் செம்புக்கு மணி கோத்த வட்ட மூடி. தலையணை உறையின் ஓரத்திலே இரு விரல் அகலத்துக்குக் குரோஷாப் பின்னல். "இதை யாரம்மா போட்டது?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. "நான்தான் சாமி, சும்மா போட்டேன்."

இந்தச் "சும்மா" என்னும் சொல்லுக்குத் தமிழிலே பொருள் பல. வேலையின்றி இருத்தலும் சும்மா, விலையின்றிக் கொடுத்தலும் சும்மா, காரணமின்றிச் செய்தலும் சும்மா, பேசாதிருத்தலும் சும்மாவே. அந்தத் தாய் எந்தப் பொருளில் சொன்னார் என்று அவரிடம் நாம் மீண்டும் கேட்பதில்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு சொல்லை நான்கு பொருளிலும் எடுத்துக்கொண்டு, அவருடைய வேலைக்கு நேரமும் இல்லை, விலையும் இல்லை, நோக்கமும் இல்லை, அதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை என்று வீட்டாரும் ஊராரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அம்முடிவு சரியானதுதானா என்பதை இம்மாதம் சற்று ஆராய விழைகிறோம்.

நம் பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்றிலே ஒரு தாய் இருக்கிறார். சிறுமியாகக் கன்னியர் விடுதியில் தங்கிப் படித்தபோது குரோஷா ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டவர். தை, மாசியிலே பருத்தி எடுக்கப் போவார். மற்ற மாதங்களில் களை எடுப்பு, வெங்காய அறுவடை என்று ஏதேனும் ஒரு காட்டு வேலை. இரவு உணவு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, செபமாலை சொல்லி முடித்த பிறகே அவர் கைக்கு ஊசி வரும். 2024-ஆம் ஆண்டு தவக்காலத்திலே தொடங்கி, செப்டம்பர் 8-ஆம் நாள் தேவதாயின் பிறப்பு விழாவுக்குமுன் நம் ஆலயப் பீடத் துகிலுக்கு ஓரம் பின்னிக் கொடுத்தார். நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். அகலம் ஒரு சாண். கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் மாறி மாறி வருமாறு அமைத்திருந்தார்.

எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று வினவினோம். அவர் சிரித்தார், கணக்கு வைத்திருக்கவில்லை. நாமே உட்கார்ந்து கணக்கிட்டோம். நாளுக்கு ஒரு மணி நேரம். திருமண வீடு, துக்க வீடு, காய்ச்சல், மின்சாரம் இல்லாத இரவு இவையெல்லாம் போக 150 நாள். ஆக 150 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்றால், இது ஏறக்குறைய 19 நாள் வேலை. அந்த 2024-25-ஆம் ஆண்டிலே நூறு நாள் வேலைத் திட்டத்துக்குத் தமிழகத்தில் அறிவிக்கப்பட்டிருந்த நாட்கூலி 319 ரூபாய். அதன்படி பார்த்தாலும் கூலி மட்டும் 6,000 ரூபாயை ஒட்டி வருகிறது. நூலின் விலை வேறு. மண் வெட்டும் வேலைக்கு வைத்த கூலியைத்தான் எடுத்திருக்கிறோம். முப்பது ஆண்டுப் பழக்கத்தால் வந்த கைத்திறனுக்கென்று ஒரு காசும் கூட்டவில்லை.

அவருடைய மகன் அந்தத் துகிலைத் தன் கைப்பேசியிலே படம் எடுத்துப் பலருக்கும் அனுப்பியிருக்கிறான். அதைக் கண்டு நகரத்து வணிகர் ஒருவர் வந்தார்; இதே போல் பத்து வேண்டும், ஒன்றுக்கு 600 ரூபாய் தருவேன் என்றார். வீட்டிலே மகிழ்ச்சி. "சும்மா உக்காந்து போடறதுதானே, அறுநூறு வந்தா லாபம்தானே" என்றார் கணவர். அந்தத் தாய்க்கு மட்டும் மனம் ஒப்பவில்லை; ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. நம்மிடம் வந்து, "விலை கேக்க எனக்கு வாய் வரல சாமி. நீங்களே சொல்லுங்க, கேக்கலாமா?" என்றார். கேட்கலாம் என்பதே நம் விடை. ஆனால் அந்த விடைக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் "கடையிலே நானூறுக்குக் கிடைக்கிறதே" என்று அவ்வணிகர் சொன்ன வார்த்தை நியாயம் போலத் தோன்றுகிறது.

குரோஷா என்பது பிரெஞ்சு மொழியிலே சிறு கொக்கி என்று பொருள்படும் சொல். ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரே நூல். முதலில் சங்கிலி போட்டுக்கொண்டு, அதன் கண்களுக்குள்ளே ஊசியை விட்டு நூலை இழுத்து, வளையத்துக்குள் வளையமாகக் கோத்துச் செல்வது. நெய்தலிலே பாவும் ஊடும் உண்டு. ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசைக் கண்கள் முழுவதும் கம்பியிலே நிற்கும். குரோஷாவிலோ பெரும்பாலும் ஒரு கண் மட்டுமே உயிரோடு ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணை முடித்து அடுத்த கண். இப்படி எந்தத் திசையிலும் திரும்பக்கூடிய வேலையாக இருப்பதால், தறியையும் ஸ்வெட்டரையும் பிடித்துக்கொண்ட இயந்திரம் குரோஷாவை இன்றுவரை வணிக அளவிலே பிடித்துக்கொள்ளவில்லை. குரோஷா என்ற பெயரிலே நைலான் நூலில் மீட்டர் கணக்கில் விற்கிறார்களே, அது வேறு வகை இயந்திரப் பின்னல். பார்வைக்கு ஒத்திருக்கும், அவ்வளவே. உற்றுப் பார்த்தால் கன்னியரிடம் ஒரு மாதம் பயின்ற சிறுமியும் வேறுபாட்டைச் சொல்லிவிடுவாள்.

ஆகவே கடையிலே நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் விரிப்பு இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அது குரோஷாவே அன்று. அல்லது, உண்மைக் குரோஷாவாயின், எங்கோ ஒரு தாய் அதை மணிக்கு இரண்டு மூன்று ரூபாய்க் கூலியில் போட்டிருக்கிறாள். உலகில் எந்த மூலையிலே மலிவான குரோஷா விற்கப்பட்டாலும் அதன் பின்னே ஒரு கை இருக்கிறது. இயந்திரம் வேலை செய்தது, அதனால் மலிவு என்று சொல்லித் தப்ப இடமில்லை. இதை அந்த வணிகரும் அறிந்திருக்க நியாயமில்லை. அவரை நாம் கடிந்துகொள்ளவில்லை.

இவ்வேலை வயிற்றுப் பசியோடு தொடர்புடையது என்பதற்கு அயர்லாந்து நாட்டின் சரித்திரமே சான்று. 1845-ஆம் ஆண்டு முதல் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்து, கொடிய பஞ்சம் தலைவிரித்தாடிற்று. இலட்சக் கணக்கானோர் மடிந்தனர்; இலட்சக் கணக்கானோர் கப்பலேறி நாட்டைவிட்டு அகன்றனர். அவ்வேளையில் கார்க் நகரையடுத்த பிளாக்ராக்கில் இருந்த உர்சுலைன் கன்னியர், ஏழைப் பெண்களுக்கும் சிறுமியருக்கும் குரோஷா கற்றுக் கொடுத்தார்கள். குளோன்ஸ் என்னும் ஊரிலே ஆங்கிலிக்கன் சபைக் குருவின் மனைவியான கசாண்ட்ரா ஹேண்ட் என்னும் அம்மையாரும் 1847-ஆம் ஆண்டு தொடங்கி அவ்வாறே செய்தார். ஊசிக்கும் நூலுக்கும் முதல் அதிகம் தேவையில்லை. குடிசையிலே இருந்து செய்யலாம். ரோசாப் பூ, திராட்சை இலை என்று ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு பூவைப் பழகி வைத்துக்கொண்டது. நிலவாடகையைக் கட்டியதும் அந்தக் காசு. பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பிய கப்பல் கட்டணமும் பலருக்கு அந்தக் காசு. பொழுதுபோக்கு என்று அவர்களிடம் யாரேனும் சொல்லியிருந்தால் விழித்திருப்பார்கள்.

நம் நாட்டிலும் இந்த வரலாறு உண்டு. 1819-ஆம் ஆண்டு நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷன் ஊழியரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார், தம் பெண்கள் பள்ளியிலே லேஸ் வேலையைப் பயிற்றுவித்தார். இது குரோஷா அன்று. திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு முறுக்கும் வேலை. திருவிதாங்கூரிலே அடிமை முறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, அடிமைக் குடும்பங்களிலே பிறந்த சிறுமியர் சிலர் லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றிருக்கிறார்கள். பிரிந்த சகோதரர்களின் இந்தப் பணியை நாம் நன்றியோடு நினைவுகூர்வதே முறை.

கத்தோலிக்கர் பக்கத்திலே முளகுமூட்டைச் சொல்ல வேண்டும். பெல்ஜியம் நாட்டிலிருந்து அன்னை லூயிஸ் தெ மேஸ்தர் 1897-ஆம் ஆண்டு அங்கே வந்து சேர்ந்தார். அனாதைச் சிறுமியரைப் பேணும் பணி முதலில். அதனோடு சேர்ந்து லேசும் பூத்தையலும் அங்கே வேர் கொண்டன. அவர் பிறந்த பிளாண்டர்ஸ் பகுதி லேசுக்குப் பேர்போனது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தமிழகத்தின் பல கன்னியர் மடங்களிலே பின்னாளில் தையல் கூடமும் லேஸ் அறையும் இயல்பாகிவிட்டன. நம் பெரம்பலூர், அரியலூர் பகுதியிலே இன்று ஐம்பது அறுபது வயதுடைய தாய்மார் பலர் ஊசி பிடித்ததும் கன்னியரிடமே. சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சுத் தையல் என்று துணித் துண்டுகளிலே தைத்து ஒட்டிய ஆல்பத்தை இன்றும் பெட்டியின் அடியிலே வைத்திருக்கிறார்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்விலே தையலுக்கு லோயர், ஹையர் எழுதித் தேறித் தையல் ஆசிரியை ஆனவர்களும் உண்டு. ஆனவர்களை ஊர் "டீச்சர்" என்று அழைக்கிறது. ஆகாதவர்கள் அதே வேலையை வீட்டிலே செய்தால் அது "சும்மா".

இந்தச் "சும்மா" எவ்வளவு தூரம் சுரண்டலுக்கு இடங்கொடுக்கும் என்பதை ஆந்திரத்திலே ஒருவர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாபுரம், குரோஷா லேசுக்குப் புகழ் பெற்ற ஊர். அங்கும் இவ்வேலையை ஏழைக் கிறிஸ்தவப் பெண்களுக்கு முதலில் கற்றுத் தந்தவர்கள் மறைபரப்பாளர்களே. பிற்காலத்தில் அது வெளிநாடு செல்லும் பெருவணிகமாயிற்று. ஜெர்மனி நாட்டுச் சமூகவியல் அறிஞர் மரியா மீஸ் அப்பெண்களைப் பற்றி 1982-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது சுருக்கமாக இதுவே: நாள்தோறும் பல மணி நேரம் பின்னும் அப்பெண்களை வணிகரும் அரசும் தொழிலாளர் என எண்ணவில்லை, ஓய்வு நேரத்திலே ஏதோ செய்யும் இல்லத்தரசிகள் என்றே எண்ணினர். அந்த எண்ணமே கூலியை அடிமட்டத்திலே வைத்தது. ஓய்வு நேர வேலைக்கு யார் முழுக்கூலி கேட்பார்கள்? அன்புக்காகத் தொடங்கிய ஒரு பணி பிறகு என்னவாயிற்று என்று யாரும் திரும்பிப் பாராவிட்டால் நேர்வது இதுதான். மடங்களும் பங்குகளும் தையல் கூடம் நடத்தும்போது இந்நூலின் செய்தியை மனத்தில் வைத்திருத்தல் நலம்.

வேற்றூர் எதற்கு? நம் மாவட்டங்களையே பாருங்கள். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரிலே மரச்சிற்பம் செதுக்குகிறார்கள். தேர்களும் சிற்பங்களுமாக நாடெங்கும் செல்கின்றன. அந்த மரச்சிற்பத்துக்கு 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நியாயமான பெருமை. செதுக்குகிறவரை யாரும் "சும்மா செதுக்கினார்" என்பதில்லை. ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கம் தறி ஓடுகிறது. நெய்கிற சேலைக்குக் கூலி எழுதப்படுகிறது. ஆனால் விடியுமுன் எழுந்து தார் சுற்றிக் கொடுக்கும் மனைவியின் பெயரிலே ஒரு வரியும் எழுதப்படுவதில்லை. அவளைக் கேட்டாலும் "சும்மாதான் சுத்திக் குடுப்பேன்" என்பாள். வேப்பந்தட்டையிலே வேளாண் பல்கலைக்கழகம் பருத்திக்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறது. அத்தகைய பருத்தி மண் நம்முடையது. இங்கே பெண்கள் கைகள் கீறிக்கொண்டு எடுக்கும் பருத்தி எங்கெங்கோ போய் நூற்கண்டாக மாறி, கடை வழியாக அவர்கள் கைக்கே திரும்பி வருகிறது. இடையிலே ஆலைக்கும் லாரிக்கும் கடைக்கும் கணக்குச் சரியாகத் தீர்க்கப்படுகிறது. முதலிலும் முடிவிலும் இருக்கிற கைக்குத்தான் கணக்கு இல்லை.

திருச்சபை இதைப்பற்றி என்ன சொல்கிறது? கூலியாளுக்குரிய கூலி, பேரம் பேசி அவர் ஒப்புக்கொண்ட தொகை என்பதனாலேயே நீதியானதாகி விடாது என்று 13-ஆம் சிங்கராயர் (இந்நாளில் லியோ என்று எழுதுகிறோம்) 1891-ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலே கற்பித்தார். 1981-ஆம் ஆண்டு புனித இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைக் குறித்து எழுதிய சுற்றுமடலிலே, இல்லத்திலே தாய் செய்யும் உழைப்பைச் சமுதாயம் மதித்து ஏற்க வேண்டும் என்பதை வற்புறுத்தினார். சுற்றுமடல்கள் போதும், புனிதை ஒருவரைப் பார்ப்போம்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இராது. அவருடைய தாய் செலி, லேஸ் பின்னுகிற பெண் என்பதை அறிந்தவர் சிலரே. 1831-ஆம் ஆண்டு பிறந்த அவர், பிரான்சு நாட்டு அலான்சோன் நகரிலே 1853-ஆம் ஆண்டு, தம் இருபத்திரண்டாம் வயதை எட்டுமுன்னரே சொந்தமாக லேஸ் தொழில் தொடங்கினார். அலான்சோன் லேஸ் முழுவதும் தையல் ஊசியால் ஆவது. ஒரு சதுர செண்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் பிடிக்கும் என்பார்கள். 2010-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலே சேர்த்தது. செலி அம்மையார் நகரத்துப் பெண்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பார். அவர்கள் தத்தம் வீட்டிலே இருந்து பின்னுவார்கள். வியாழக்கிழமைகளிலே கொண்டு வந்து கொடுப்பார்கள். அத்துண்டுகளை இணைப்புத் தெரியாமல் ஒன்று சேர்க்கும் கடினமான வேலையை அவரே செய்வார். ஒன்பது பிள்ளைகள் பெற்று நால்வரைப் பறிகொடுத்த தாய், இரவு வெகு நேரம் விழித்திருந்து செய்த வேலை இது. இத்தொழில் தம்மை எவ்வளவு வாட்டுகிறது என்று கடிதங்களிலே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். புனிதையாயிற்றே என்று நாம் வியக்க வேண்டியதில்லை, களைத்தால் களைப்புத்தான். தம்மிடம் வேலை செய்த பெண்களைத் தம் குடும்பத்தார் போல் நடத்தினார்.

இதிலே நம் குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கணவர் லூயி மார்ட்டின் கடிகாரம் செய்பவர். வருமானமுள்ள நல்ல கடை. 1870-ஆம் ஆண்டு அவர் அக்கடையை விட்டுவிட்டு, மனைவியின் லேஸ் தொழிலுக்குத் துணையாக வந்துவிட்டார். மனைவியின் ஊசி வேலைக்குக் கணக்கு எழுதுவதைத் தம் ஆண்மைக்கு இழுக்கென்று அவர் கருதவில்லை. 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இருவரையும் ஒருசேரப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கணவன் மனைவி இருவரும் இணைந்து புனிதராக அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை. தேநீர்க் கடை பெஞ்சிலே மாலை முழுவதும் அமர்ந்திருந்துவிட்டு வந்து, "நீ சும்மாதானே இருந்தே" என்று கேட்கும் நம் சகோதரர்கள் இந்தப் புனிதரின் படத்தை வீட்டிலே மாட்டலாம்.

அப்படியானால் தாய்மார் போடுகிற பின்னலுக்கெல்லாம் விலை ஒட்டிவிட வேண்டும் என்கிறீர்களா என்று சிலர் கேட்கலாம். இல்லை. நம்மிடம் விலை கேட்க வந்த தாயே இன்னொன்றும் சொன்னார்: "விக்கிறதுக்குன்னு நெனச்சா கை ஓட மாட்டேங்குது சாமி." அதை நாம் மிகவும் மதிக்கிறோம். நம் கிராமத்திலே பெண் ஒருத்தி வெறுங்கையோடு திண்ணையிலே அமர்ந்திருந்தால் பார்ப்பவர் கண்ணுக்குப் பொறுக்காது. மாமியார் ஒரு வேலை சொல்வார், பிள்ளை ஒரு வேலை சொல்லும். அதே பெண் கையிலே ஊசியும் நூலும் வைத்திருந்தால் சற்று விட்டுவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் அவளுடையது. கண்களை எண்ணிக்கொண்டே அவள் எதை நினைக்கிறாள், யாருக்காக மன்றாடுகிறாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையிலுள்ளது. நாளெல்லாம் பிறர் சொன்ன வேலையைச் செய்த கை, இரவிலே தான் விரும்பிய பூவைப் போடுகிறது. அந்த மணி நேரத்தையும் பத்து விரிப்பு, பதினைந்து நாள் கெடு என்று வணிகருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அவளுக்கென்று மீதம் என்ன?

திருத்தூதர் பணிகள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்திலே தபித்தாவைப் பற்றி வாசிக்கிறோம். யோப்பா நகரத்துச் சீடத்தி. கிரேக்க மொழியிலே தொற்கா, அதாவது பெண்மான், என்று பெயர். அவள் இறந்தபோது அண்டையூரிலிருந்து புனித இராயப்பரை அழைத்து வருகிறார்கள். மாடியறையிலே கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று அழுகிறார்கள். அவளுடைய பக்தியைப்பற்றியோ பேச்சைப்பற்றியோ அவர்கள் சொன்னதாக அங்கே எழுதப்படவில்லை; அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். திருச்சபையின் முதல் தலைவர் ஒரு பெண்ணின் தையலைக் கையிலே வாங்கிப் பார்க்க நேர்ந்த இடம் அது. அவள் அவற்றை விற்றிருந்தால் அந்தக் கைம்பெண்கள் அங்கே நின்றிருக்க மாட்டார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பெற்றுக்கொண்டவர்கள் அதை மறக்கவில்லை. தையல் இன்னாருடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உரக்கச் சொல்லவும் செய்தார்கள். கொடை கொடையாக நிற்பதற்கு இது வேண்டும். கொடுப்பவள் விரும்பிக் கொடுக்க வேண்டும். பெறுபவர் அதன் அருமையை அறிந்து பெற வேண்டும். அருமை அறியாமல் வாங்கி வைத்துக்கொள்வதற்கு வேறு பெயர் உண்டு.

நம் ஆலயங்களிலே இதை எப்படிச் செய்கிறோம்? ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவர் பெயர், "உபயம்" என்ற சொல்லோடு, வெளிச்சத்தில் பாதியை மறைக்குமளவுக்குப் பெரிய எழுத்திலே அந்த விளக்கின்மீதே தீட்டப்பட்டிருக்கிறது. மின்விசிறியின் இறக்கையிலே பெயர். நாற்காலியின் முதுகிலே பெயர். பீடத் துகிலுக்கு ஓரம் பின்னிய கையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. துகிலிலே பெயர் போட வேண்டாம். அது அழகன்று, அந்தத் தாய்மாரும் அதை விரும்பமாட்டார்கள். ஆனால் திருப்பொருளறைப் பதிவேட்டிலே இன்ன ஆண்டு, இன்ன துகில், இன்னார் பின்னியது என்று ஒரு வரி எழுதலாம். திருமேனித் துகிலும் பாத்திரம் துடைக்கும் துகிலும் தைத்துத் தருபவர், வாரந்தோறும் எடுத்துச் சென்று வெளுத்துத் தருபவர் ஆகியோருக்கும் அதே வரி உரியது.

இன்னொன்றும் உண்டு. துகில் வேண்டுமென்று நாமே ஒருவரிடம் கேட்கும்போது, நூல் வாங்கும் பணத்தைக் கேட்கும்போதே கொடுத்துவிட வேண்டும். "மாதாவுக்குத்தானேம்மா" என்று சொல்லி நூற்செலவையும் அவர் தலையிலே வைப்பது முறையன்று. மாதாவுக்கு அவர் கொடுப்பது அவருடைய இரவுகள். அதற்குமேல் கேட்க நமக்கு உரிமையில்லை. திருவிழா வரவுசெலவிலே பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் வரி இருக்கிறபோது நூலுக்கும் ஒரு வரி இருக்கட்டும் என்று நம் பங்குப் பேரவையிலே சொன்னோம். முதலிலே சிரித்தார்கள், பிறகு எழுதிக்கொண்டார்கள். ஆளுயர நைலான் லேஸ் வாங்கிப் பீடத்தைச் சுற்றித் தொங்கவிட்டால் செலவு குறையுமே என்று ஒருவர் யோசனை கூறினார். குறையும். ஐந்தாறு ஆண்டிலே மஞ்சளாகி மெழுகுவர்த்திச் சூட்டிலே உருகி ஓட்டையும் விழும். நல்ல பருத்தி நூலிலே போட்ட குரோஷா, வெயில் நேராகப் படாமல் நிழலிலே உலர்த்தி, நீலம் போடாமல், கொக்கியில் மாட்டாமல் தட்டையாக மடித்து வைத்தால் பேத்தி காலம் வரை உழைக்கும்.

அந்த வணிகரின் கதை என்னவாயிற்று என்று அறிய விரும்புவீர்கள். 150 மணி நேரக் கணக்கை ஒரு தாளிலே எழுதி அந்தத் தாயிடம் கொடுத்தோம். கணவரும் அதை வாங்கிப் பார்த்தார்; நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. வணிகரிடம் அவர்கள் கேட்டது நம் கணக்கிலே பாதி, 3,000 ரூபாய். அவர் வாங்கவில்லை, போய்விட்டார். பத்து விரிப்புக்கு 6,000 ரூபாய் வீட்டுக்கு வந்திருக்கும், மகனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு உதவியிருக்கும் என்று உறவினர் சிலர் இன்றும் நம்மைக் குறை கூறுவதாகக் கேள்வி. அவர்கள் கூற்றை நாம் தள்ளிவிடவில்லை. பணம் தேவைப்படும் வீட்டிலே 600 ரூபாயும் பணந்தான். கட்டாயத்தால் குறைந்த விலைக்கு விற்கிற தாயை நாம் குறை சொல்லவும் மாட்டோம். சில மாதங்கள் கழித்து ஆசிரியர் குடும்பம் ஒன்று, மகள் திருமணத்துக்கென்று ஒரு சிறு மேசை விரிப்பைக் கேட்டு வந்தது. நாற்பது மணி நேர வேலை. இம்முறை அந்தத் தாய் தாமே வாய் திறந்து 1,500 ரூபாய் என்றார். மறுபேச்சின்றிக் கொடுத்துச் சென்றார்கள். அந்தப் பணத்தில் பாதியை நூலாகவே வாங்கி வைத்திருக்கிறார் என்று அறிகிறோம்.

அவருடைய கணவர் இப்போது இரவு உணவுக்குப் பின் பாத்திரங்களைத் தாமே கழுவிக் கவிழ்க்கிறாராம். இதை நம்மிடம் சொன்னவர் அந்தத் தாய் அல்லர். பக்கத்து வீட்டார், சற்றே சிரித்துக்கொண்டு.

பள்ளிச் சிறுமியர் பலர் இப்போது கைப்பேசியிலே படம் பார்த்துக் குரோஷா பழகுகிறார்கள். நல்லதே, ஆனால் நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதை அருகிலே ஒரு கை இருந்து காட்டினால்தான் வரும். எனவே பருத்தி எடுப்பு முடிந்தபின், பங்குனி மாதச் சனிக்கிழமைகளிலே மாலை நான்கு மணிக்கு நம் பங்குக் கூடத்திலே அந்தத் தாயும் வேறு இரு தாய்மாரும் சிறுமியருக்குக் கற்றுத்தர இசைந்திருக்கிறார்கள். கற்றுத்தரும் நாளுக்கு அவர்களுக்கு நாட்கூலி உண்டு. பங்குப் பேரவை ஒப்புக்கொண்டுவிட்டது. நூல் பங்கினுடையது. மெல்லிய நூலுக்கான எஃகு ஊசி ஒன்றை மட்டும் பிள்ளைகள் கொண்டு வரட்டும். பையன்கள் வரலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வரலாம்.